தோல்விக்குக் கூலி

நம் அணி தோற்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்கலாமா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவன் ஞாயிறு பள்ளிக்கு வரும் ஒரு பையன். 2014 மார்ச் மாதம், பிலடெல்பியா. எங்கள் தமிழ்ச் சபையில் பெரிய பிள்ளைகளின் வகுப்பை நான்தான் எடுக்கிறேன். முடிக்கும் முன் ஒவ்வொருவரிடமும் ஜெபக் குறிப்பு கேட்பது வழக்கம். ஒருத்தி பாட்டியின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக ஜெபிக்கச் சொன்னாள். இன்னொருவனுக்குக் கணக்குப் பரீட்சை. இவன் கையைப் பாதி தூக்கி, "ஆன்ட்டி, சிக்ஸர்ஸ் தோக்கணும்னு ப்ரே பண்ணலாமா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவன் எதற்காகக் கேட்கிறான் என்பது அங்கிருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது.

அமெரிக்கக் கூடைப்பந்தைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். என்.பி.ஏ.வில் 30 அணிகள். கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் இளம் ஆட்டக்காரர்களை ஒவ்வொரு கோடையிலும் அணிகள் வரிசையாக நின்று எடுத்துக்கொள்ளும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். களத்தில் ஓர் அணிக்கு ஐந்தே பேர் இறங்கும் ஆட்டம் இது. அபூர்வமான ஒருவன் வந்து சேர்ந்தால் அந்த அணியின் அடுத்த பத்தாண்டுத் தலையெழுத்தே மாறிவிடும். அப்படிப்பட்டவனை முதலில் எடுக்கும் வாய்ப்பு, அதிகம் தோற்ற அணிகளுக்கே அதிகம் என்பது விதி. அந்தப் பருவத்தில் எங்கள் சிக்ஸர்ஸ், அதாவது பிலடெல்பியா 76ஸர்ஸ், தொடர்ந்து 26 ஆட்டங்கள் தோற்றிருந்தது. மார்ச் 29 அன்று டெட்ராய்ட்டை 123-98 என்று வென்றபோதுதான் அந்தத் தொடர் முடிந்தது. பையனின் கணக்கில் அந்த வெற்றி நஷ்டம்.

கடவுளிடம் எதையும் கேட்கலாம், கேட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்க்க உட்கார், உன் கை எந்தக் கூடைக்குத் தட்டுகிறது என்று பார் என்று அவனிடம் சொன்னேன். அன்றைக்கு வாயில் வந்த பதில் அது. அதன் பிறகு பல வருடங்களாக யோசித்து நான் வந்து சேர்ந்த இடம் வேறு. பையனிடம் குற்றமில்லை. தன் தோல்வியைத் தானே விரும்பும்படி ஒருவனைப் பழக்குகிற விதியிடம்தான் குற்றம். அது நல்லெண்ணத்தில் பிறந்த விதியாக இருக்கலாம், நல்ல பலனும் தந்திருக்கலாம். இருந்தாலும் அது அநியாயமான விதி.

அந்த நல்லெண்ணம் உண்மையானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில் நிற்பவனுக்கு முதல் வாய்ப்பு என்ற யோசனை எங்கள் ஊரில்தான் பிறந்தது. ஆனால் பிறந்தது அமெரிக்கக் கால்பந்தில். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் பெர்ட் பெல் 1935-இல் சக உரிமையாளர்களிடம் இதை முன்வைத்தார். வசதியான அணிகள் நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போக, அவருடைய அணி அடியில் கிடந்தது. 1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டலில் முதல் டிராஃப்ட் நடந்தது. கடைசி இடத்து அணி என்ற முறையில் ஈகிள்ஸே முதலில் எடுத்தது. (எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் அந்த லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.) இரக்கத்தோடு இன்னொன்றும் அதில் கலந்திருந்தது. ஒரே ஆட்டக்காரனுக்காக அணிகள் போட்டி போட்டுச் சம்பளத்தை ஏற்றுவதும் அன்றோடு நின்றது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கூடைப்பந்து இந்த இரக்கத்தைப் பல விதமாகச் செய்து பார்த்திருக்கிறது. தொடக்க காலத்தில் தன் ஊர்ப் பையனைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை அணிகளுக்கு இருந்தது. அப்படித்தான் 1959-இல் வில்ட் சேம்பர்லினைப் பிலடெல்பியா வாரியர்ஸ் எடுத்தது. அவர் கல்லூரி படித்தது கேன்சஸில். ஆனாலும் ஓவர்புரூக் பள்ளியில் படித்த எங்கள் ஊர்ப் பிள்ளை என்று உரிமை கொண்டாடினார்கள். 1966 முதல் நாணயம். இரண்டு பிரிவுகளிலும் கடைசியாக வந்த இரு அணிகளுக்கிடையே பூவா தலையா. 1969-இல் ஃபீனிக்ஸ் தலை கேட்டது, பூ விழுந்தது. மில்வாக்கிக்குப் போனவர் பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்டார். இரண்டே வருடத்தில் மில்வாக்கி சாம்பியன்.

நாணயம் சுண்டும் இடத்துக்கு வர வேண்டுமானால் முதலில் கடைசியாக வர வேண்டும். 1983-84 பருவத்தில் ஹியூஸ்டன் தன் கடைசி 17 ஆட்டங்களில் 14-ஐத் தோற்றது. வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்று நாடே பேசியது. நாணயமும் அவர்களுக்கே விழுந்து, ஹக்கீம் ஒலாஜுவான் வந்தார். அடுத்த வருடமே லீக் விதியை மாற்றியது. 1985 மே 12, நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் ஏழு உறைகளை ஓர் உருளையில் போட்டுச் சுற்றி, கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் ஒன்றை எடுத்தார். அதுதான் முதல் லாட்டரி. சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் சுற்றுக்குப் போகாத ஏழு அணிகளுக்கும் சம வாய்ப்பு. அதன்பின் 1990-இல் எடை வைத்தார்கள், அதிகம் தோற்றவனுக்கு அதிகச் சீட்டு. 1993-இல் பாதிக்குப் பாதி வென்றிருந்த ஆர்லாண்டோ, 66-இல் ஒரே ஒரு சீட்டோடு முதல் தேர்வை வென்றதும் எல்லோரும் அலறினார்கள். மறு வருடம் எடையை இன்னும் கூட்டி, கடைசி அணிக்கு 25 சதவீதம் ஆக்கினார்கள். கால் பங்கு வாய்ப்பு. பிலடெல்பியாவின் கதை இதற்குள்ளிருந்துதான் வந்தது.

மத்தேயு 20-ஆம் அதிகாரத்தின் திராட்சைத் தோட்ட உவமையை நான் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. விடியற்காலையில் வேலைக்கு வந்தவனுக்கும் பொழுது சாயும் நேரத்தில் வந்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கிறான். வெயிலில் நாள் முழுக்க உழைத்தவன் முணுமுணுக்கிறான். சிறு வயதிலிருந்து பாளையங்கோட்டையில் இந்த உவமைக்கு எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். எஜமானின் தயாளத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு இருந்த சந்தேகத்தை யாரும் தொட்டதில்லை. மறுநாள் காலையில் அந்தச் சந்தைத் தெருவில் எத்தனை பேர் வந்து நின்றிருப்பார்கள்?

உவமையை மெதுவாக வாசித்தால் பதில் உள்ளேயே இருக்கிறது. கடைசியில் வந்தவர்கள் தூங்கிவிட்டு வந்தவர்கள் அல்ல. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று எஜமான் கேட்கும்போது, எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். பகல் முழுவதும் அங்கே காத்து நின்றவர்கள் அவர்கள். முழுக் கூலி கிடைக்கும் என்று அவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. தயவு எதிர்பாராமல் வந்தது, அதனால்தான் அது தயவாக இருந்தது. அதே எஜமான், கடைசியில் வருபவனுக்கு முதல் கூலி என்று தோட்டத்து வாசலில் எழுதி ஒட்டி, வருடா வருடம் அதன்படியே கொடுத்திருந்தால் சந்தைத் தெரு சாயங்காலம் வரை காலியாகவே கிடந்திருக்கும். என்.பி.ஏ. செய்தது அதைத்தான். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத் தொடக்கத்தில் பவுல் மல்லுக்கு நிற்பதும் இந்தக் கணக்கோடுதான். பாவம் கூடினால் கிருபையும் கூடும் என்றால் பாவத்தைக் கூட்டிக்கொள்ளலாமே என்று யோசிப்பவனை அவர் கடுமையாக மறுக்கிறார்.

2013 மே மாதம் சாம் ஹிங்கி பிலடெல்பியாவின் பொது மேலாளராக வந்தார். நடுத்தரமான அணியாக இருந்து பயனில்லை, உச்சிக்குப் போக ஒரே வழி அடியிலிருந்துதான் என்பது அவர் கணக்கு. வந்த கோடையிலேயே, அணியின் சிறந்த ஆட்டக்காரர் ஜ்ரூ ஹாலிடேயைக் கொடுத்துவிட்டு, முழங்கால் காயத்தோடு இருந்த நெர்லன்ஸ் நோயலையும் வருங்காலத் தேர்வு ஒன்றையும் வாங்கினார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்று விருது வாங்கிய மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸையும் அடுத்த பருவத்திலேயே விற்றார். 2013-14-இல் 19 வெற்றி. பிறகு 18. பிறகு 82 ஆட்டங்களில் 10. ஊர் இதற்கு 'பிராசஸ்' என்று பெயர் வைத்து மந்திரம்போல் உச்சரித்தது. லாட்டரி இரவுகளில் கூட்டமாக உட்கார்ந்து கொண்டாடினார்கள். 2016 ஏப்ரலில் 13 பக்கக் கடிதம் எழுதி வைத்துவிட்டு ஹிங்கி விலகினார்.

அவரைத் திட்டுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அவர் ஒரு விதியையும் மீறவில்லை. யாருக்கும் லஞ்சம் கொடுத்து ஆட்டத்தை விடச் சொல்லவில்லை. எழுதியிருந்த விதியை மற்ற எல்லோரையும்விட நேர்மையாக வாசித்தார். மற்றவர்கள் மார்ச் மாதத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு செய்ததை அவர் பருவம் தொடங்கும் அக்டோபரிலிருந்தே வெளிச்சத்தில் செய்தார். அதுதான் லீகுக்கு அவமானமாகப் போயிற்று.

இதில் பலரும் கவனிக்காதது, களத்தில் இறங்கியவர்களைத்தான். தோற்பதற்கென்று திட்டமிட்டுக் கட்டிய அந்த அணியில், தோற்க வேண்டும் என்று ஆடியவர் ஒருவர்கூட இல்லை. டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத ராபர்ட் கவிங்டன் அங்கே வந்து சேர்ந்தார். 2015-இல் யாரும் எடுக்காத டி. ஜே. மெக்கானல் வந்தார். ஆறடி ஓரங்குலம். எதிராளி பந்தை உள்ளே போடும் நொடியில் பாய்ந்து தட்டிப் பறிப்பார். பாதி காலியாகக் கிடந்த அரங்கத்தில், 30 புள்ளி பின்தங்கிய நான்காம் கால் பகுதியில், அவர் தரையில் விழுந்து பந்தைப் பிடிப்பதை நான் மேல்தட்டு இருக்கையிலிருந்து பார்த்திருக்கிறேன். அவருக்கு அது பிழைப்பு. பத்து வருடம் கழித்து 2025-இல் இண்டியானா அணிக்காக அவர் இறுதிச் சுற்றில் ஆடியபோது எங்கள் வீட்டில் எல்லோரும் அவருக்காகக் கத்தினோம். பயிற்சியாளர் பிரெட் பிரவுனும் அப்படித்தான், ஒவ்வொரு இரவும் வெல்லத்தான் வந்தார். ஆட்டத்தில் கபடம் எங்குமே இல்லை. மேலே, கண்ணாடி அறையில், இவர்கள் வெல்லாமலிருப்பதே நல்லது என்று ஒருவர் தீர்மானித்திருந்தார்.

உழைப்பவன் ஒன்றை விரும்புகிறான், அவனுக்குச் சம்பளம் கொடுப்பவன் அதற்கு நேர் எதிரானதை விரும்புகிறான், பார்க்க வந்த பிள்ளை யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் கடவுளிடம் போகிறது. இதைச் சின்ன விஷயம் என்று என்னால் எண்ண முடியவில்லை. வேலையில் ஒரு மனிதன் தன்னை முழுதாகக் கொடுக்கும்போது, அந்த வேலை வேறொருவரின் மனதில் ஏற்கெனவே தோல்வியாக எழுதப்பட்டிருக்கிறது என்றால், அவன் உழைப்பை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

நான் பாளையங்கோட்டையில் பள்ளி அணிக்கு ஆடியவள். சிமெண்ட் தரை, வலையில்லாத இரும்பு வளையம். ஒருமுறை மண்டலப் போட்டிக்கு வெளியூர் போயிருந்தோம். லீக் கம் நாக்-அவுட். கடைசி லீக் ஆட்டத்தில் தோற்றால் அரையிறுதியில் லேசான அணி கிடைக்கும், வென்றால் போன வருடச் சாம்பியன். எங்களில் மூத்தவர்கள் இரண்டு பேர் இதைக் கணக்குப் போட்டுப் பி.டி. டீச்சரிடம் போய்ச் சொன்னார்கள். டீச்சர் அவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏட்டி, தோக்கதுக்கா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தோம்? போய் ஆடுங்கட்டி" என்றார். வென்றோம். அரையிறுதியில் சாம்பியன் அணியிடம் படுதோல்வி. திரும்பும்போது பஸ்ஸில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அதில் விவாதிக்க எதுவும் இருந்ததாகவே தெரியவில்லை.

ஆனால் எல்லோரும் எங்கள் டீச்சர் மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து விதி எழுத முடியாது. கோடிக்கணக்கில் பணம் புரளும் இடத்தில் தனி மனித நேர்மையை மட்டும் நம்புவது, அந்த நேர்மையாளரைத் தண்டிப்பதில் போய் முடியும். லீக் இதற்கு அபராதத்தால் பதில் சொல்லப் பார்த்தது. 2023 ஏப்ரல் 7 அன்று டேலஸ் மாவரிக்ஸ், பிளே-ஆஃபுக்கு முந்தைய பிளே-இன் போட்டிக்குப் போக இன்னும் வாய்ப்பு இருந்த நிலையிலேயே, கைரி இர்விங் உட்பட முக்கியமானவர்களை உட்கார வைத்துச் சிகாகோவிடம் தோற்றது. காரணம் எளிது. அவர்களுடைய டிராஃப்ட் தேர்வு முதல் பத்துக்குள் வந்தால் அவர்களுக்கே, தாண்டினால் நியூயார்க்குக்கு என்று பழைய பேரம் ஒன்று இருந்தது. லீக் 7,50,000 டாலர் அபராதம் போட்டது. தேர்வு பத்தாவதாக வந்தது. அதை இன்னொரு பேரத்தில் மாற்றி டெரிக் லைவ்லி என்ற உயரமான பையனை எடுத்தார்கள். அடுத்த வருடமே அவர் துணையோடு டேலஸ் இறுதிச் சுற்றுக்குப் போனது. அபராதத்தை அவர்கள் மனம் திருந்திக் கட்டவில்லை, விலையாகக் கட்டினார்கள். மலிவான விலை.

இன்னொரு பதில், அதிர்ஷ்டத்தைக் கூட்டுவது. 2017-இல் வாக்கெடுத்து 2019 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 14 சதவீதம்தான். இயந்திரத்தில் 14 பந்துகள், நான்கு எடுத்தால் 1,001 விதமான சேர்க்கைகள். ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதி ஆயிரத்தைப் பங்கு பிரிக்கிறார்கள். நான் கிறிஸ்தவள், சீட்டுப் போடுவதை இழிவாக நினைப்பவளல்ல. யூதாசின் இடத்துக்கு அப்போஸ்தலர்கள் மத்தியாவைத் தேர்ந்ததும் சீட்டுப் போட்டுத்தான். ஆனால் அங்கே இரண்டு பேரும் தகுதியில் சமமானவர்கள். மனிதக் கை ஒரு பக்கம் சாயக்கூடாது என்பதற்காகச் சீட்டை நாடினார்கள். என்.பி.ஏ.வின் சீட்டு அப்படியல்ல. இங்கே மனிதக் கை முதலில் தோல்விகளை எண்ணி எடை போடுகிறது, பிறகு தன் கணக்கைத் தானே நம்பாமல் பந்துகளைக் குலுக்குகிறது. நீதியும் முழுதாக இல்லை, அதிர்ஷ்டமும் முழுதாக இல்லை.

விளைவைப் பாருங்கள். டெட்ராய்ட் 2023-24 பருவத்தில் தொடர்ந்து 28 ஆட்டங்கள் தோற்றது. வேண்டுமென்று தோற்ற அணியல்ல அது. பெரிய தொகைக்குப் புகழ்பெற்ற பயிற்சியாளரை அமர்த்தி, வெல்லத்தான் பார்த்தார்கள், முடியவில்லை. உவமையில் வரும், யாரும் கூப்பிடாத வேலையாட்கள் இவர்கள்தான். லாட்டரி அவர்களை ஐந்தாம் இடத்துக்குத் தள்ளியது. முந்தைய வருடமும் அப்படியே. 2024-இல் முதல் தேர்வு, 3 சதவீத வாய்ப்பிருந்த அட்லாண்டாவுக்கு. 2025 மே 12, முதல் லாட்டரி நடந்து சரியாக 40 ஆண்டுகள். மூன்று மாதத்துக்கு முன் தன் நட்சத்திரம் லூகா டான்சிச்சையே விற்றுத் தன் ரசிகர்களைக் கண்ணீர் விட வைத்த டேலஸ், 1.8 சதவீத வாய்ப்போடு முதல் தேர்வை வென்று கூப்பர் ஃபிளாக்கை எடுத்தது. 65 ஆட்டங்கள் தோற்ற யூட்டாவுக்கு ஐந்தாவது இடம். அந்த யூட்டாவே, ஆடக்கூடிய நட்சத்திர ஆட்டக்காரரை உட்கார வைத்ததற்காக அதே பருவத்தில் அபராதம் கட்டிய அணி. ஆக, நிஜமாகவே பலவீனமானவனுக்கு உதவியும் உறுதியில்லை, பலவீனத்தை நடிப்பவனுக்கு ஆசையும் போகவில்லை. 14 சதவீதத்துக்காகவும் தோற்கத்தான் செய்கிறார்கள்.

தோல்வியை அளந்து தயவு காட்டும் வரை இது தீராது. அளக்கும் கோலை எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும், அதனால் அளக்கப்படுகிறவன் அதற்கேற்பக் குனிந்துகொள்வான். உள்நோக்கத்தைப் பார்க்க விதிக்குக் கண் கிடையாது. உண்மையான காயமா, பொய்யான காயமா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு மருத்துவர் குழு வைத்தாலும் இதே கதிதான்.

லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில் யூபிலி ஆண்டு வருகிறது. ஏழேழு வருடங்கள் கழிந்து ஐம்பதாம் வருடம் கொம்பு ஊதப்படும். விற்றுப்போன நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பும். கடனுக்கு அடிமையானவன் வீடு திரும்புவான். இந்தச் சட்டத்தில் நான் வியப்பது அதன் இரக்கத்தை மட்டுமல்ல, அது இரக்கத்தை எதில் கட்டி வைத்தது என்பதை. நாட்காட்டியில். நீ ஏன் நிலத்தை இழந்தாய், சோம்பேறித்தனமா, பஞ்சமா, குடியா என்று யாரும் கேட்பதில்லை. நீ எவ்வளவு நொடித்துப் போயிருக்கிறாய் என்று அளப்பதுமில்லை. கொம்பு ஊதும் வருடம் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். கெட்டுப்போய்க் காட்டினால் அது ஒரு நாள்கூட முந்தி வராது, நன்றாக வாழ்ந்தால் ஒரு நாள்கூடப் பிந்தாது. யூபிலிக்கு எத்தனை அறுவடை மிச்சம் என்று எண்ணித்தான் இடையில் நிலத்தின் விலையைப் போட வேண்டும் என்பது வரை அந்த அதிகாரம் சொல்கிறது. அந்தச் சட்டம் முழுமையாக நடைமுறையில் இருந்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. இருக்கட்டும். தயவு எப்படி நடிப்புக்கு இடம் கொடுக்காமல் இருக்க முடியும் என்று யோசித்த ஒரு சமூகம் அந்த அதிகாரத்தில் தெரிகிறது.

2013 டிசம்பரில் பாஸ்டன் அணியின் நிர்வாகி மைக் ஸாரனின் யோசனை ஒன்று வெளியே வந்தது. 'வீல்' என்றார்கள், சக்கரம். 30 அணிகள், 30 வருடங்கள். ஒவ்வொரு அணியும் முதலிடம் முதல் முப்பதாம் இடம் வரை ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை பெறும். எந்த வருடம் எந்த இடம் என்பது முன்பே எழுதப்பட்டிருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது முதல் ஆறு தேர்வுகளில் ஒன்று எல்லோருக்கும் கிடைக்கும்படி வரிசை அமைந்திருக்கிறது. 82 ஆட்டங்களையும் தோற்றாலும் இடம் மாறாது, வென்றாலும் மாறாது. ஸாரனுக்கு யூபிலி ஞாபகம் இருந்ததோ இல்லையோ, நான் அதில் பார்த்தது லேவியராகமத்தைத்தான்.

இதைவிட நுட்பமான யோசனைகளும் உண்டு. பிளே-ஆஃப் வாய்ப்பு போன பிறகு யார் அதிகம் வெல்கிறார்களோ அவர்களுக்கே முதல் தேர்வு என்று ஆடம் கோல்ட் என்பவர் 2012-இல் சொன்னார். வட அமெரிக்கப் பெண்கள் ஐஸ் ஹாக்கி லீக் அதையே பின்பற்றுகிறது. பிலடெல்பியா பையனுக்கு அது நிச்சயம் உதவியிருக்கும், மார்ச்சிலும் வெற்றிக்குக் கை தட்டியிருப்பான். ஆனால் 28 ஆட்டங்களைத் தோற்ற டெட்ராய்ட் போன்ற அணியிடம், போய் வென்று வா, பிறகு உதவுகிறேன் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

சக்கரத்துக்கு எதிராகச் சொல்லப்படும் பெரிய வாதம், சாம்பியனுக்கே முதல் தேர்வு போய்விடக்கூடும், நொடித்த அணி நொடித்தே கிடக்கும் என்பது. போகும், மறுக்கவில்லை. முப்பது வருடத்தில் ஒருமுறை போகும். ஆனால் பலவீனமான அணியைத் தூக்கிவிட டிராஃப்ட் ஒன்றுதான் கை என்பது பழக்கத்தில் வந்த எண்ணம். சம்பள உச்சவரம்பு இருக்கிறது, வருமானப் பகிர்வு இருக்கிறது, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு கோடையிலும் சந்தைக்கு வருகிறார்கள். 14 வெற்றிகளோடு முடித்து ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட அதே டெட்ராய்ட் அடுத்த பருவத்தில் 44 ஆட்டங்களை வென்றது. அதன் நட்சத்திரம் கேட் கனிங்ஹாம் 2021-இல் லாட்டரியில் வந்த முதல் தேர்வுதான். ஆனால் 28 தோல்விகளின்போதும் அவர் அணியில் இருந்தார். நடுவில் மாறியவை நிர்வாகமும், பயிற்சியாளரும், டோபையஸ் ஹாரிஸ் போன்ற அனுபவசாலிகள் வந்து சேர்ந்ததும். பிலடெல்பியாவோ, 2014-இல் மூன்றாவதாக எடுத்த ஜோயல் எம்பீட் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது வரை உயர்ந்தும், 2018 முதல் 2024 வரை ஏழு முறை பிளே-ஆஃபுக்குப் போயும், ஒருமுறைகூட இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை.

இன்னொரு ஆட்சேபம்: எந்த அணிக்கு எந்த வருடம் முதலிடம் என்று தெரிந்துவிட்டால், பெரிய திறமையுள்ள பையன் தனக்குப் பிடித்த அணியின் முறை வரும்வரை கல்லூரியில் ஒரு வருடம் கூடுதலாக உட்கார்ந்துகொள்வான். இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது குறையாகப் படவில்லை. இவ்வளவு நேரம் தேர்வு, சீட்டு, சதவீதம் என்று நாம் பங்கு பிரித்துக்கொண்டிருந்தது ஒரு மனிதனை. பத்தொன்பது வயதுப் பிள்ளை. எந்த ஊரில் வாழ்வான், யாரிடம் வேலை செய்வான் என்பதை அவனைக் கேட்காமல் 14 பந்துகள் முடிவு செய்கின்றன. பெர்ட் பெல்லின் யோசனையில் முதல் நாளிலிருந்து இருந்த அந்த இன்னொரு பாதி இதுதான். அடிமைப்பட்டவனை வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் யூபிலி முழுமையாகிறது. சக்கரம் அந்த அளவுக்குப் போகாது. டிராஃப்டையே எடுத்துவிட்டு, புதியவர்களும் மற்றவர்களைப் போலத் தாங்களே அணியைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கம் நியாயம் அதிகம் என்றே நினைக்கிறேன். அது வரும்வரை, ஒரு வருடம் பொறுத்திருந்து தன் ஊரைத் தானே தேர்ந்துகொள்ளும் சின்ன வழி அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தால் கிடைக்கட்டும்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. அணிகள் ஏழு வருடம் வரையிலான வருங்காலத் தேர்வுகளை இப்போதே ஒன்றுக்கொன்று விற்று வைத்திருக்கின்றன. அந்தப் பேரங்களைக் கலைத்தால் வாங்கியவனுக்கு அநியாயம். ஆகவே இன்று முடிவெடுத்தாலும் சக்கரம் சுழலத் தொடங்க ஏழெட்டு வருடம் ஆகும். தள்ளிப்போட அதைக் காரணமாக்கக் கூடாது. இப்போது எடுத்தால்தான் அப்போதாவது வரும்.

டிராஃப்ட் வரிசையைத் தீர்மானிப்பது அணி உரிமையாளர்களின் குழு. 2014 அக்டோபரில் கடைசி நான்கு அணிகளின் வாய்ப்பைச் சமமாக்கும் சிறிய திருத்தம் ஒன்று வந்தபோது 17 பேர் ஆதரித்தார்கள், 13 பேர் எதிர்த்தார்கள்; தேவையான 23 கிடைக்காமல் அது தோற்றது. பிலடெல்பியா மூன்றாவது வருடமும் தோற்றுத் தள்ளிய பிறகு, 2017-இல் கிட்டத்தட்ட அதே திருத்தத்துக்கு 28 பேர் சம்மதித்தார்கள். மனம் மாறும் என்பதற்கு இது சாட்சி. அவர்களிடம் நான் கேட்பது இதுதான்: சதவீதத்தை மறுபடியும் கூட்டிக் குறைக்காதீர்கள். எங்கள் பிள்ளைகள் தங்கள் அணியின் ஒவ்வொரு வெற்றிக்கும் முழு மனதோடு கை தட்டும்படி சக்கர முறையை வாக்கெடுப்புக்குக் கொண்டுவாருங்கள். 30 பேரில் 23 பேர் சம்மதித்தால் போதும்.